துயிலும் மூச்சும்: உச்சமுனைக் கரையிலிருந்து ஒரு நோக்கு

குறட்டை எம்மிடையே பெரிதும் நகைப்புக்குரிய பொருளாகவே இருந்து வந்துள்ளது. கும்பகருணன் என்னும் பெயர் ஒருவர்மீது ஏவப்படும்போது அதில் ஏளனம் உண்டேயன்றி இரக்கம் இல்லை. ஆங்கில நாவலாசிரியர் டிக்கன்ஸ் 1836-37 ஆம் ஆண்டுகளில் தொடராக வெளியிட்ட பிக்விக் கதையில் வரும் ஜோ என்னும் பருத்த பணியாட் சிறுவனும் அவ்வாறே. உணவு பரிமாறும்போதும் ஏவல் செய்யும்போதும் அவன் உறங்கி வழிவது வாசகரைச் சிரிக்கவைத்தது. 120 ஆண்டுகளின் பின்னர், 1956 இல், பொஸ்ரன் நகர வைத்தியர் பேர்வெல்லும் அவருடைய துணைவரும் அச்சிறுவனின் தோற்றத்தை நினைவுபடுத்திய நோயாளர் ஒருவரைப் பற்றி எழுதி, அந்நோய்க்கூட்டுக்குப் பிக்விக்கின் பெயரையே சூட்டினர். அந்நோயாளர் ஒரு வணிகர். சீட்டாட்டத்தில் வெல்லத்தக்க சீட்டுகள் கைக்கு வந்திருந்தும் ஆடாது உறங்கிப்போனமையே அவரை வைத்தியசாலைக்குக் கொண்டுவந்தது. வணிகரின் உறக்கம் மருத்துவ வரலாற்றில் இடம்பெற்றது. அதே காலத்திற் சுமை தூக்குவோரும் வலை இழுப்போரும் வேலையிடத்தில் உறங்கியமைக்குச் சோம்பல் என்றே பெயர் சூட்டப்பட்டது. இவ்வேறுபாடு இன்றும் முற்றாக நீங்கிவிட்டதெனக் கூறவியலாது.

துயில்நிலை மூச்சுக் கோளாறுகளைப் பற்றிய ஆய்வு பெருநகர்களிற் பிறந்தது. அதன் கருவிகளும் வினாக்களும் பெருநகர் வாழ்க்கையின் அளவுக்கே வெட்டப்பட்டவை. அவ்வறிவை நாட்டின் விளிம்பிலுள்ள ஒரு கரையில் நின்று நோக்கினால் எஞ்சுவது எது, மாற்றவேண்டியது எது என்பதே இக்கட்டுரையிற் கேட்கப்படுவது. அக்கரையாக நாம் கொள்வது புத்தளம் மாவட்டத்து உச்சமுனை. கற்பிட்டிக்கு அப்பால், ஒருபுறம் திறந்த கடலும் மறுபுறம் டச்சுக் குடாவின் நீரும் சூழ நீண்டு கிடக்கும் மணற்றரை அது. கற்பிட்டிக்குச் செல்லப் படகு வேண்டும். அங்கிருந்து புத்தளத்துக்குத் தரைவழி. புத்தளத்திலிருந்து கொழும்பு ஏறத்தாழ 130 கிலோமீற்றர். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் இவ்வழியின் முதற்கூறே கடினமாகிவிடும். மீன்பிடியே இக்கரையோரத்தின் தொழில். இரவில் வலைவிட்டு விடியலிற் கரையேறுவோர்க்குப் பகலுறக்கம் இயல்பு. ஆதலின் ஒருவர் பகலில் அளவுக்கு மிஞ்சி உறங்கினும் அதனை நோயென எவரும் ஐயுறுவதில்லை. நோய் தொழிலுக்குள் ஒளிந்துகொள்கிறது.

இனி, கோளாற்றின் வகைகளை நோக்குவோம். இவை அனைத்தும் அயலிற் படுத்திருப்பவரின் செவிக்கு ஏறத்தாழ ஒன்றாகவே தோன்றுவன: மூச்சு வருகிறது, நிற்கிறது, மீண்டும் வருகிறது. எனினும் உள்ளே நிகழ்வன முற்றிலும் வேறு.

மிகப் பரவலாகக் காணப்படுவது அடைப்பு வகை. மெல்லிய இறப்பர்க் குழாயொன்றை வாயில் வைத்து வேகமாக உறிஞ்சினால் அதன் சுவர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். எமது தொண்டையும் எலும்புச் சட்டமற்ற அத்தகைய குழாயே. விழித்திருக்கையில் அதன் தசைகள் அதனைத் திறந்து வைத்திருக்கின்றன. துயிலில் அவை தளர்கின்றன. கழுத்திற் கொழுப்பு மிகுந்தவரிடத்தும், கீழ்த்தாடை சிறுத்தவரிடத்தும், உண்ணாக்குச் சதை பருத்தவரிடத்தும் தளர்ந்த குழாய் மூடிக்கொள்கிறது. அப்போது மூளை கட்டளை இடுகிறது. நெஞ்சும் வயிறும் எழுந்து தாழ்ந்து போராடுகின்றன. காற்று மட்டும் நுழைவதில்லை. குருதியின் ஒட்சிசன் குறைகிறது. இறுதியில் மூளை துயிலைக் கலைத்துத் தசைகளை இறுக்க, பெரும் ஓசையுடன் வழி திறக்கிறது. உறங்குபவர் விழித்ததை அறியார். 10 செக்கனுக்குக் குறையாத நிறுத்தங்களையும் மூச்சுக் குறைவுகளையும் எண்ணி, மணித்தியாலத்துக்கு 5 முதல் 15 வரை சிறிது என்றும், 30 வரை நடுத்தரம் என்றும், அதற்கு மேல் கடுமை என்றும் வகுப்பர். மணிக்கு 30 எனின் இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை ஒருவர் துயிலிலிருந்து இழுத்தெடுக்கப்படுகிறார் என்பது பொருள். இரவிற் பலமுறை சிறுநீர் கழிக்க எழுதலும் இந்நோயின் விளைவாகலாம். அடைபட்ட வழிக்கெதிராக நெஞ்சு இழுக்கும்போது இருதயத்தின் மேலறைகள் விரிந்து, உப்பையும் நீரையும் வெளியேற்றும் சுரப்பைத் தூண்டுவதே இதற்குக் காரணம். இதனை நீரிழிவென்றோ முதுமையென்றோ கொண்டு அமைதியுறுவோர் பலர்.

இரண்டாவது மைய வகை. இங்கு வழி திறந்தே கிடக்கிறது, கட்டளைதான் வருவதில்லை. ஆகவே நெஞ்சு அசைவதுமில்லை. அபினி இனத்து வலிநீக்கிகள், மூளைத்தண்டைத் தாக்கிய பாரிசவாதம், உயர்ந்த மலைகளில் தங்குதல் என்பன இதற்கு வழிகோலும். எனினும் சிறப்பாக நோக்கவேண்டியது இருதய வலுக்குறைவோடு வரும் வகை. டப்ளின் நகரத்து வைத்தியர் செய்ன் 1818 இலும் ஸ்ரோக்ஸ் 1854 இலும் விவரித்த மூச்சு இது: சிறிது சிறிதாக ஆழ்ந்து உச்சமெய்தி, பின் சிறிது சிறிதாகத் தேய்ந்து அடங்கி, மீண்டும் தொடங்கும். படகோட்டுவோர் இதன் பொறிமுறையை எளிதில் உணர்வர். சுக்கானைத் திருப்பியபின் படகு திரும்பச் சற்றுத் தாமதமானால், ஓட்டி மேலும் திருப்புகிறான். படகு அளவுக்கு மீறித் திரும்பிவிட, மறுபக்கம் மிகையாகத் திருப்புகிறான். படகு நேரே செல்லாது வளைந்து வளைந்து செல்கிறது. வலுவிழந்த இருதயம் குருதியை மெதுவாகவே அனுப்புவதால், நுரையீரலிற் காபனீரொட்சைட்டு எவ்வளவு என்னும் செய்தி மூளைக்குப் பிந்தியே சேர்கிறது. மூளை எப்போதும் கழிந்துபோன நிலைக்கு ஏற்பவே கட்டளையிடுகிறது. மிகையாக மூச்செறிந்தபின் காபனீரொட்சைட்டு ஓர் எல்லைக்குக் கீழே இறங்க, கட்டளை நின்றுவிடுகிறது.

மூன்றாவது, முற்கூறிய பொஸ்ரன் வணிகர் வகை: உடற்பருமனோடு கூடிய மூச்சுப் போதாமை. இங்கு நிறுத்தங்களைவிட முதன்மையானது, இரவு முழுவதும் மூச்சு ஆழமின்றி இருப்பதும், பகலிலும் குருதியிற் காபனீரொட்சைட்டு 45 மில்லிமீற்றர் இரச அமுக்கத்துக்கு மேல் நிற்பதும் ஆகும். காலையில் தலையிடி, கணுக்காலில் வீக்கம், உதட்டில் நீலம் என்பன இதன் அடையாளங்கள். இம்மூவகையும் ஒருவரிடத்தே கலந்தும் வரலாம். நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோயோடு அடைப்பு வகை சேர்வதும் உண்டு. புகைக்கும் பழக்கமுள்ள தொழிலாளரிடத்து இச்சேர்க்கையை எதிர்பார்த்தல் வேண்டும்.

வகை பிரித்தல் ஏட்டுப் புலமை அன்று. ஒரு வகைக்கு மருந்தாவது மற்றொன்றுக்கு ஊறாகலாம் என்பதற்கு அண்மைக் காலச் சான்றே உண்டு. இருதய வலுக்குறைவும் மைய வகை நிறுத்தமும் உடைய 1325 பேரிடத்து நடைபெற்று 2015 இல் வெளியான சேர்வ்-எச்எஃப் ஆய்வு, மூச்சுக்கு மூச்சு தன்னைச் சரிசெய்துகொள்ளும் நுண்கருவியொன்றைச் சோதித்தது. கருவி நிறுத்தங்களை ஏறத்தாழ ஒழித்துவிட்டது. ஆனால் கருவி பெற்றோரிடையே இருதயநோய் இறப்பு குறையவில்லை, கூடிற்று. 2024 இல் வெளியான அட்வென்ற் ஆய்வில் வேறொரு கருவியால் அத்தீங்கு தோன்றவில்லையெனினும் நன்மையும் நிறுவப்படவில்லை. எண்ணைக் குறைப்பதும் நோயாளரைக் காப்பதும் ஒன்றல்ல என்பதை இவை போலத் தெளிவாகக் காட்டிய ஆய்வுகள் சிலவே. இவ்வாறே மூச்சுப் போதாமை உடையவர்க்கு மட்டின்றி ஒட்சிசன் மட்டும் கொடுப்பின் காபனீரொட்சைட்டு மேலும் ஏறக்கூடும். உறக்கம் சரியில்லை என்று முறையிடுபவருக்கு உறக்க மாத்திரை கொடுப்பதோ இன்னும் எளிதாக நிகழும் பிழை. அம்மாத்திரைகளுட் சில தொண்டைத் தசையை மேலும் தளர்த்தி, விழிப்பைத் தாமதப்படுத்துவன.

பரம்பலைப் பற்றிச் சில சொல்வோம். அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநில அரசு ஊழியர் 602 பேரை ஆராய்ந்து ரெறி யங் முதலானோர் 1993 இல் வெளியிட்ட கணக்கின்படி, மணிக்கு 5 நிறுத்தங்களுக்குக் குறையாதோர் ஆண்களில் 24 சதவீதம், பெண்களில் 9 சதவீதம். மும்பாயில் நடுவயது ஆண்களிடையே உத்வாடியா குழுவினர் 2004 இல் கண்டது 19.5 சதவீதம்; பகலுறக்கமும் சேர்ந்தவர் 7.5 சதவீதம். தில்லியின் ஒரு பகுதியிற் சர்மா குழுவினர் 2006 இல் கண்டவை 13.7 உம் 3.6 உம் ஆகும். மேலை நாட்டாரைவிட மெலிந்த உடலுடைய தென்னாசியரிடத்தும் இந்நோய் குறைவின்றிக் காணப்படுவது மனங்கொள்ளத்தக்கது. வயிற்றைச் சுற்றிய கொழுப்பும் முக எலும்பின் அமைப்பும் இங்கு கூடிய பங்கு வகிக்கின்றன. பருத்தவரை மட்டும் ஐயுறும் கண்ணுக்கு ஒல்லியான மீனவர் தப்பிவிடுவார்.

பெண்கள் பற்றிய எண்ணை மேலும் ஐயத்தோடு நோக்கவேண்டும். பகலுறக்கத்தைவிடக் களைப்பு, தூக்கமின்மை, தலையிடி, மனச்சோர்வு என்பவற்றையே அவர்கள் கூடுதலாக முறையிடுகின்றனர். இவை வேறு நோய்களின் கணக்கில் எழுதப்படுகின்றன. மாதவிடாய் நின்றபின் பெண்களிடத்து இந்நோய் மிகுகிறது. கணவன் இரவிற் கடலிலிருக்கும் வீட்டில் மனைவியின் மூச்சு நிற்பதைக் கேட்க எவருமில்லை என்பதும் கருதத்தக்கது.

கண்டறியும் முறைகளுட் சிறந்தது துயிலாய்வு கூடத்தில் ஓர் இரவு தங்கி, மூளை மின்னலை, கண்ணசைவு, நெஞ்சசைவு, காற்றோட்டம், ஒட்சிசன் முதலியவற்றை ஒருங்கே பதிதல். அத்தகைய கூடங்கள் பெருநகர்களை அண்டியே அமைந்துள்ளன. நாட்கூலியை இழந்து, படகுக்கும் பேருந்துக்கும் செலவிட்டு அங்கு செல்லச் சொல்வது எளிது. ஆகவே முதற்சல்லடை கரையிலேயே அமைதல் வேண்டும். கழுத்துச் சுற்றளவு, குருதியமுக்கம், குறட்டை, பிறர் கண்ட மூச்சு நிறுத்தம் முதலிய எட்டு வினாக்களைக் கொண்ட ஸ்ரொப்-பாங் அட்டவணை 2008 இல் கனடாவில் வகுக்கப்பட்டது. அதற்கு ஓர் அளவுநாடாவும் அமுக்கமானியும் போதும்.

பகலுறக்கத்தை அளக்கும் எப்வேத் அளவுகோலுக்கு வரும்போதே சிக்கல் எழுகிறது. மரே ஜோன்ஸ் 1991 இல் அவுஸ்திரேலியாவில் அமைத்த இவ்வளவுகோல் எட்டு நிலைகளைக் கூறி, ஒவ்வொன்றிலும் கண்ணயரும் வாய்ப்பைக் கேட்கிறது. 24 இல் 10 இற்கு மேற்பட்டால் மிகையுறக்கம். அந்நிலைகளுள் இரண்டு மோட்டார் வண்டி பற்றியன: ஒரு மணித்தியாலம் பயணியாக அமர்ந்திருத்தலும், போக்குவரத்து நெரிசலிற் சிலநிமிடம் நிற்றலும். உச்சமுனையில் நெரிசல் ஏது? வாசித்துக்கொண்டிருக்கையில் என்னும் வினாவும் எழுத்து வாசனை குறைந்தவரிடத்துப் பொருளற்றது. வலை பொத்துகையில், படகில் இயந்திரத்தருகே அமர்ந்திருக்கையில், பூசையிலோ தொழுகையுரையிலோ அமர்ந்திருக்கையில் எனக் கேட்டாலே விடை விடையாகும். இத்தகைய மாற்றத்தை மொழிபெயர்ப்பு என்று சொல்லிவிட முடியாது. புதிய வினாக்களை எம்மவரிடையே மீளச் சோதித்து அளவிடுதல் வேண்டும். பல்கலைக்கழகத் தமிழரும் மருத்துவரும் ஒருங்கமர்ந்து செய்யத்தக்க வேலை அது.

மலிவான சான்று இன்னொன்றும் உண்டு. பருவகால மீன்பிடியின்போது வாடிகளிற் பலர் அருகருகே படுத்துறங்குகின்றனர். யாருடைய குறட்டை நடுவில் அறுகிறது என்பது வாடிக்கே தெரியும். அவர்களிடம் கேட்கவேண்டிய வினா ஒன்றே: ஓசை அறுந்த வேளையில் நெஞ்சும் வயிறும் துடித்தனவா, அசைவற்றுக் கிடந்தனவா? துடித்தனவெனின் அடைப்பு; அசைவற்றனவெனின் மையம் என்று ஐயுறலாம். இது முடிந்த முடிபன்று. ஆயினும் யாரை எங்கு அனுப்புவது, யாருடைய இருதயத்தை முதலிற் சோதிப்பது என்பதற்கு வழிகாட்டும். கைத்தொலைபேசியில் இரண்டு நிமிடம் படம்பிடித்துக் காட்டினால் வைத்தியர்க்கு அதுவே நூறு சொல்லுக்கு ஈடு. கொவிட் பரவிய காலத்திற் பரவலாகிய விரல் ஒட்சிசன்மானி, இரவு முழுவதும் பதிவு வைக்கும் வகையாயின் பெரிதும் உதவும். ஒரு கணம் பார்த்து எடுத்துவிடும் வகை உதவாது. குருதியின் இருகாபனேற்று அளவும் எளிய சோதனையே: அது 27 மில்லிமோலுக்குக் குறைந்திருப்பின், ஐயம் பெரிதல்லாதவரிடத்து மூச்சுப் போதாமை இல்லையெனப் பெரும்பாலும் கொள்ளலாம்.

சிகிச்சைக்கு வருவோம். சிட்னியில் கொலின் சலிவன் 1981 இல் ஐந்து நோயாளர்க்கு மூக்கின் வழியே சிறு அமுக்கத்துடன் காற்றைச் செலுத்தி, அடைபடும் தொண்டையைத் திறந்து வைக்கலாமென நிறுவினார். அதுவரை கடுமையான நோயாளர்க்கு இருந்த உறுதியான வழி, கழுத்திற் துளையிடுதலே. சீபாப் என வழங்கும் இக்கருவி இன்றும் அடைப்பு வகைக்கு முதன்மைச் சிகிச்சை. பகலுறக்கத்தை நீக்கி, குருதியமுக்கத்தைச் சிறிது குறைக்கிறது. ஆனால் முன்பே இருதய, மூளைக்குழாய் நோயுடைய 2717 பேரிடத்து நடந்து 2016 இல் வெளியான சேவ் ஆய்வில் அது மாரடைப்பையோ பாரிசவாதத்தையோ தடுத்ததாகத் தெரியவில்லை. கருவியைச் சராசரி இரவுக்கு 3.3 மணித்தியாலமே அணிந்தனர் என்பதையும் சேர்த்தே இம்முடிபை வாசித்தல் வேண்டும். மூச்சுப் போதாமை முற்றியவர்க்கு உள்மூச்சுக்கும் வெளிமூச்சுக்கும் வெவ்வேறு அமுக்கம் தரும் பைபாப் வேண்டப்படலாம். மைய வகையில் இருதயத்தைச் செப்பனிடுவதும், காரணமான மருந்தை நீக்குவதுமே முதற்பணி.

கருவி எவ்வாறு இயங்கும் என்பது கரையோரத்தில் மருத்துவ வினா மட்டுமன்று. மின்கம்பி எட்டாது, சூரியத் தகட்டையும் மின்கலத்தையும் நம்பும் வீட்டில் என்ன செய்யலாம்? ஈரமூட்டியை நிறுத்தி, கருவி சராசரி 30 வாற்று கொள்கிறதென வைப்போம். 8 மணித்தியாலத்துக்கு 240 வாற்று-மணி வேண்டும். 12 வோல்ற்று, 100 அம்பியர்-மணி மின்கலம் ஒன்றின் பெயரளவுக் கொள்ளளவு 1200 வாற்று-மணி. ஈய மின்கலத்தை அரைவாசிக்கு மேல் வெறுமையாக்கலாகாது எனினும் ஏறத்தாழ இரண்டு இரவுக்குப் போதும். ஆகவே இயலாததன்று, ஆனால் விளக்கும் தொலைபேசியும் மட்டும் கருதி அமைத்த சிறு தகட்டால் இயலாது. உப்புக்காற்றில் இலத்திரனியற் பகுதி அரிக்கும், வடிகட்டியை அடிக்கடி மாற்றவேண்டும், ஈரமூட்டிக்கு உவர்நீர் ஆகாது என்பனவும் கணக்கிற் சேரவேண்டும். மின் உள்ள இடத்தாரும் 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டை அனுபவித்ததை மறந்திரார். அரச வைத்தியசாலையிற் பார்வை இலவசம். வீட்டிற் பாவிக்கும் கருவியையோ பெரும்பாலும் நோயாளரே வாங்கவேண்டியதாகிறது. இலவச மருத்துவம் என்னும் எமது பெருமைக்குரிய சாதனை இவ்விடத்தில் வீட்டு வாசலோடு நின்றுவிடுகிறது.

கருவியின்றிச் செய்யத்தக்கவையும் சிலவல்ல. மல்லாந்து படுக்கும்போதே நிறுத்தம் மிகும் பலர்க்கு ஒருக்களித்துப் படுத்தலே பாதிச் சிகிச்சை. சட்டையின் முதுகிற் பந்தொன்றைத் தைத்துக்கொள்வது பழைய உத்தி. படுக்குமுன் சாராயம் தொண்டையைத் தளர்த்தும். விஸ்கொன்சின் குழுவினர் 2000 இல் காட்டியபடி, உடல்நிறை 10 சதவீதம் குறைந்தால் நிறுத்த எண் ஏறத்தாழ 26 சதவீதம் குறைகிறது. பருமனோடு கூடிய நடுத்தர, கடுமை நோய்க்கு டிர்செபடைட் என்னும் ஊசிமருந்தை அமெரிக்க மருந்து நிருவாகம் 2024 டிசெம்பரில் அனுமதித்தது. அதன் விலை இப்போதைக்கு எமது கரைக்கு எட்டாதது. கீழ்த்தாடையை முன்தள்ளி வைக்கும் பற்கவசம் சிறிய, நடுத்தர நோய்க்கு நன்கு பயன்படும்; மின்சாரம் வேண்டாத இச்சாதனத்துக்குப் பல்வைத்தியரைப் பயிற்றுதல் இத்தகைய ஊர்களுக்கு மிகவும் பொருந்தும் என்பது எமது கருத்து. பிள்ளைகளிடத்துப் பெரும்பாலும் தொண்டைக் கழலையே காரணம். 2013 இல் வெளியான அமெரிக்க ஆய்வில் அதனை அகற்றிய பிள்ளைகளில் 79 சதவீதத்தினர்க்கும், பொறுத்துப் பார்த்த பிள்ளைகளில் 46 சதவீதத்தினர்க்கும் ஏழு மாதத்தில் துயிலாய்வு சீரடைந்தது. சிறு தொல்லைக்கு உடனே கத்தி வேண்டியதில்லை.

எல்லோரையும் கொழும்புக்கு அனுப்பவியலாத நிலையிற் காத்திருக்கலாகாதவர் யார் என்பதைக் கரையிலுள்ள சுகாதார ஊழியர் அறிந்திருத்தல் வேண்டும். உதடு நீலித்துக் கால் வீங்கியவர். படுத்தால் மூச்சு முட்டி எழுந்து அமரும் இருதய நோயாளர். சத்திரசிகிச்சைக்கு மயக்கமருந்து பெறவிருக்கும் பெருங்குறட்டையாளர். இரவிற் படகின் இயந்திரப் பிடியைக் கையில் வைத்தபடி கண்ணயர்ந்தவர். இறுதியாகக் கூறியவரைச் சிகிச்சை தொடங்கும்வரை தனியே கடலுக்கு விடாது, பிடியை வேறொருவர் கையிற் கொடுத்து அனுப்பலாம். அதற்குக் கருவியும் வேண்டாம், செலவும் இல்லை, சம்மாட்டியின் சம்மதம் ஒன்றே வேண்டும்.